கணினிக் கேள்வி பதில்: நட்சத்திரத்தை விரிப்பது யார்?

படங்களை மட்டும், பிடிஎஃப்களை மட்டும் ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் சன்னல்) வழியாக மாற்றுவது பற்றிய கடிதங்களே இம்முறை அதிகம். மாற்றியபின் காணாமல் போனவற்றைத் தேடும் கடிதங்களும் அவற்றில் உண்டு.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். எம்வி, கோப்பை நகர்த்தும் கட்டளை: எம், வி என்ற இரண்டெழுத்து. ஃபைண்ட், நேம், டைப் எல்லாம் அகராதியில் உள்ளபடி. ஐநேம் என்பது முன்னால் ஐ ஒட்டிய நேம். எக்ஸெக் நான்கெழுத்து: இ, எக்ஸ், இ, சி. ஆர்சிங்க் ஐந்தெழுத்து: ஆர், எஸ், ஒய், என், சி. கோடு, நட்சத்திரம், மேற்கோள், இடைவெளி ஆகியவை அச்சில் உள்ளபடியே. ‘~/’ என்பது உங்கள் முகப்புக் கோப்புறை.

கேள்வி: திருமணம், கோயில் நிகழ்ச்சி எல்லாம் படம் எடுக்கிறேன். தைப்பூசத்தன்று ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களில் எடுத்தேன். ஒரு கார்டில் 612 படம், மற்றதில் 548. லினக்ஸ் மடிக்கணினியில் ‘எம்வி *.ஜேபிஜி ~/தைப்பூசம்/’ என்று தட்டினால் எதுவும் நகரவில்லை. ஜேபிஜியைப் பெரிய எழுத்தில் தட்டியதும் நகர்ந்தது. இரண்டு கார்டையும் காலி செய்தபின் எண்ணினால் 1,037தான் இருக்கிறது. மீதி எங்கே ஐயா?
*வாசகர், தெம்பனிஸ்*

பதில்: வரவேண்டியது 1,160. குறைவது 123. அந்த 123 படங்களின் மேல் அதே பெயருள்ள வேறு 123 படங்கள் உட்கார்ந்துவிட்டன.

முதலில், எதுவும் நகராததற்குக் காரணம். ‘எந்தப் பெயரானாலும்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறியை எம்வி பார்ப்பதே இல்லை. நீங்கள் என்டர் தட்டியதும், டெர்மினலில் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் ஷெல் என்ற நிரல்தான் கோப்புறையைத் துழாவி, பொருந்தும் பெயர்களை வரிசையாக எடுத்து வைத்து, அந்தப் பட்டியலை எம்வியிடம் கொடுக்கிறது. ஷெல்லுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு. பல கேமராக்கள் கோப்பின் பின்னொட்டைப் பெரிய எழுத்தில்தான் எழுதுகின்றன. எதுவும் பொருந்தாதபோது, லினக்ஸில் வழக்கமாக இருக்கும் பாஷ் ஷெல் நட்சத்திரத்தை அப்படியே எம்வியிடம் தள்ளிவிடும். எம்வியும் ‘*.ஜேபிஜி என்றொரு கோப்பு இல்லை’ என்று குழப்பமாகப் புலம்பும். மேக்கில் 2019 முதல் இயல்பாக வரும் இசட்ஷெல் இதில் நேர்மையானது. பொருத்தம் இல்லை என்று தானே சொல்லி நின்றுவிடும், எம்வியை அழைக்காது.

எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம் என்று பாஷிடம் சொல்ல (ஷாப்ட்: எஸ், எச், ஓ, பி, டி. குளோப்: ஜி, எல், ஓ, பி):

ஷாப்ட் -எஸ் நோகேஸ்குளோப்

இது அந்த டெர்மினல் சன்னல் மூடும்வரை செல்லும்.

இனி காணாமல் போனவை. டிஜிட்டல் கேமராக்கள் பின்பற்றும் டிசிஎஃப் முறையில் கோப்பின் பெயர் எட்டே எழுத்து. முதல் நான்கு நிறுவனம் வைப்பது, அடுத்த நான்கு 0001 முதல் 9999 வரையிலான எண். ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமரா என்றால் முதல் நான்கும் ஒன்று, எண்களும் எங்காவது உரசத்தான் செய்யும். ஒரே கேமராவாக இருந்தாலும் 9999 தாண்டியதும் 0001க்குத் திரும்பிவிடும். பெயர் மோதினால் எம்வி கேள்வி கேட்காமல் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். கேட்க வைக்க -ஐ, மோதுவதைத் தொடாமல் விட -என், நகர்ந்ததை ஒவ்வொரு வரியாகக் காட்ட -வி. நீங்கள் தட்டியிருக்க வேண்டியது:

எம்வி -என் -வி ./*.ஜேபிஜி ~/தைப்பூசம்/

மோதிய 123 படங்களும் கார்டிலேயே நின்றிருக்கும். நட்சத்திரத்துக்கு முன்னால் உள்ள ‘./’ அலங்காரத்துக்கு அல்ல. கோட்டில் தொடங்கும் பெயர் ஏதாவது இருந்தால் எம்வி அதைத் தனக்கிட்ட உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும், அதைத் தடுக்கத்தான்.

இரண்டாவது கார்டைக் கொட்டும் முன் பெயருக்கு முன்னொட்டு போடுவது இன்னும் நல்லது. அந்தக் கார்டின் கோப்புறைக்குள் நின்றுகொண்டு:

ஃபார் எஃப் இன் *.ஜேபிஜி; டூ எம்வி -என் "$எஃப்" ~/தைப்பூசம்/"இரண்டு_$எஃப்"; டன்

டாலர் எஃப்பைச் சுற்றியுள்ள மேற்கோளை விட்டுவிடாதீர்கள். விட்டால், பெயரில் இடைவெளி உள்ள கோப்பு இரண்டு துண்டாகிப் போகும்.

123 படங்களை மீட்க வாய்ப்பு இருக்கிறது. அழிந்தவை முதலில் கொட்டிய கார்டின் படங்கள். கார்டிலிருந்து மடிக்கணினிக்கு மாற்றும்போது எம்வி நகல் எடுத்துவிட்டு மூலத்தை நீக்குகிறது. நீக்கியது பெயர்ப் பதிவைத்தான். படத்தின் பைட்டுகள், மேலே வேறு எதுவும் எழுதப்படும்வரை, கார்டிலேயே கிடக்கும். அந்தக் கார்டைக் கேமராவில் போடாதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, கிடைப்பதை மடிக்கணினியில் சேமியுங்கள், கார்டிலேயே அல்ல. பெயர்கள் திரும்பி வராது, படங்கள் வரலாம்.

அடுத்த முறை கார்டில் எம்வி வேண்டாம். சிபி (சி, பி) கட்டளையால் நகல் எடுங்கள், எண்ணுங்கள், பிறகு கேமராவிலேயே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள்.

கேள்வி: நான்கு ஆண்டுத் துணைப்பாட வகுப்புத் தாள்கள் நாற்பது கோப்புறைகளில் சிதறிக் கிடக்கின்றன. பிடிஎஃப், டாக்எக்ஸ் இரண்டையும் ‘தாள்கள்’ என்ற ஒரே கோப்புறைக்குள் கொண்டுவர இப்படித் தட்டினேன்: ஃபைண்ட் . -ஐநேம் *.பிடிஎஃப் -ஓ -ஐநேம் *.டாக்எக்ஸ் -எக்ஸெக் எம்வி {} ~/தாள்கள் \; டாக்எக்ஸ் மட்டும் போனது, அதுவும் குறைவாக. என் கணினியில் உபுண்டு லினக்ஸ்.
*ஆசிரியை, ஈசூன்*

பதில்: இந்த ஒரு வரியில் மூன்று குழிகள். நான்காவதில் மயிரிழையில் தப்பியிருக்கிறீர்கள்.

‘-ஓ’ என்றால் ‘அல்லது’. அதற்கு அடைப்பு போடாவிட்டால் எக்ஸெக் கடைசிப் பாதியோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பிடிஎஃப் அசையவில்லை.

இரண்டாவது, நட்சத்திரத்துக்கு மேற்கோள் இல்லை. ஃபைண்ட் தானே விரித்துப் பார்க்கவேண்டிய நட்சத்திரத்தை ஷெல் முந்திக்கொண்டு விரித்துவிடும். நிற்கும் கோப்புறையில் இரண்டு, மூன்று பிடிஎஃப் இருந்தால் ஃபைண்ட் பிழை காட்டி நின்றுவிடும், அது பரவாயில்லை. ஒன்றே ஒன்று இருந்தால் அந்தப் பெயரை மட்டும் நாற்பது கோப்புறையிலும் தேடிவிட்டு, வேலை முடிந்ததுபோல் அமைதியாகத் திரும்பும்.

மூன்றாவது, ‘குறைவாக’ என்றீர்களே, அது. ஒவ்வோர் ஆண்டுக் கோப்புறையிலும் ‘தாள்1’ இருந்திருக்கும். ‘\;’ போட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் எம்வி தனித்தனியாக ஓடும், பின்னால் வருவது முன்னால் வந்ததை அழிக்கும். அதற்குப் பதில் ‘+’ போட்டால் பல பெயர்கள் ஒரே எம்வியிடம் சேர்ந்து போகும். அப்போது லினக்ஸின் எம்வி, தானே சற்றுமுன் வைத்த கோப்பின் மேல் இன்னொன்றை வைக்க மறுத்துவிடும். ஆனால் பெயர்கள் ஏராளம் என்றால் ஃபைண்ட் அவற்றைப் பல கட்டாகப் பிரித்துக் கொடுக்கும், கட்டுக்குக் கட்டு அந்தக் காவல் இல்லை. ஆகவே -என் எப்போதும் இருக்கட்டும்.

தப்பிய குழி: ‘தாள்கள்’ கோப்புறை முன்பே இருந்தது. இல்லாமலிருந்தால் முதல் கோப்பின் பெயரே ‘தாள்கள்’ என்று மாறியிருக்கும், இரண்டாவது அதன் மேல், மூன்றாவது அதன் மேல். கடைசியில் ஒரே ஒரு கோப்பு மிஞ்சும்.

சரியான வரி:

ஃபைண்ட் ~/பாடங்கள் -டைப் எஃப் \( -ஐநேம் '*.பிடிஎஃப்' -ஓ -ஐநேம் '*.டாக்எக்ஸ்' \) -எக்ஸெக் எம்வி -என் -வி -டி ~/தாள்கள் {} +

எம்விக்குப் பின் வரும் -டி, ‘டைப்’ என்ற சொல்லின் முதல் எழுத்து. ‘டாக்’ என்பதன் முதல் எழுத்து அல்ல. போகவேண்டிய இடத்தை முதலிலேயே சொல்லிவிடும், அது கோப்புறையாக இல்லாவிட்டால் நின்றுவிடும். மேக்கின் எம்வியில் இந்த -டி கிடையாது. அங்கே முடிவை இப்படி எழுதுங்கள்: -எக்ஸெக் எம்வி -என் {} ~/தாள்கள்/ \; கடைசிச் சாய்கோடு முக்கியம். ‘தாள்கள்’ கோப்புறை ‘பாடங்கள்’ கோப்புறைக்குள் இருக்கவும் கூடாது. இருந்தால் போய்ச் சேர்ந்தவற்றையே ஃபைண்ட் மறுபடி கண்டுபிடிக்கும்.

முதல் முறை எக்ஸெக் முதல் கடைசி வரை உள்ளதை வெட்டிவிட்டு ஓட்டுங்கள். பட்டியல் மட்டும் வரும். அதன் பின்னால் ‘| டபிள்யூசி -எல்’ சேர்த்தால் எண்ணிக்கை. நகர்த்தியபின் தாள்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

இதெல்லாம் சொன்னபின் ஒரு கருத்து: எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டுவது உங்களுக்கு நல்லதல்ல. தொடக்கநிலை ஐந்தா ஆறா, எந்த ஆண்டு என்ற விவரம் உங்களிடம் கோப்புறையின் பெயரில்தான் இருக்கிறது. கோப்புறை அமைப்பு கலையாமல் குறிப்பிட்ட வகையை மட்டும் மாற்ற:

ஆர்சிங்க் -ஏவிஎம்என் --இன்க்ளூட்='*/' --இன்க்ளூட்='*.பிடிஎஃப்' --எக்ஸ்க்ளூட்='*' ~/பாடங்கள்/ ~/தாள்கள்/

மூன்று விதிகளின் வரிசை மாறக்கூடாது. முதலில் பொருந்தும் விதியே வெல்லும் என்பதால் எக்ஸ்க்ளூட் முன்னால் வந்தால் எதுவுமே போகாது. இங்கே சின்ன எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடு உண்டு. பெரிய எழுத்துப் பின்னொட்டுக்கு இன்னொரு இன்க்ளூட் தேவை. கடைசி என் ஒத்திகைக்கு. பட்டியல் சரியாக இருந்தால் அந்த என்னை எடுத்துவிட்டு --ரிமூவ்-சோர்ஸ்-ஃபைல்ஸ் சேர்த்து ஓட்டுங்கள்.

கேள்வி: ஒரு பிடிஎஃப்பை ‘ரசீது’ கோப்புறைக்கு மாற்றினேன். இப்போது பிடிஎஃப்பும் இல்லை, கோப்புறையும் இல்லை. ‘ரசீது’ என்ற பெயரில் திறக்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது.
*வாசகர், பிடோக்*

பதில்: அதுதான் உங்கள் பிடிஎஃப். ‘ரசீது’ கோப்புறை அங்கே இருந்ததே இல்லை, எம்வி அதைப் புதுப் பெயர் என்று எடுத்துக்கொண்டது. கோப்பின் பெயருக்குப் பின்னால் .பிடிஎஃப் சேர்த்துவிடுங்கள், திறக்கும். இனி கோப்புறைப் பெயருக்குப் பின் சாய்கோடு போடுங்கள். இல்லாத கோப்புறை என்றால் பிழை வரும், கோப்பு பிழைக்கும்.

இதன் அண்ணன் ஒருவன் உண்டு. போகுமிடத்தையே எழுத மறந்து ‘எம்வி *.பிடிஎஃப்’ என்று மட்டும் தட்டுவது. கோப்புறையில் சரியாக இரண்டு பிடிஎஃப் இருந்தால் முதலாவது இரண்டாவதன் மேல் ஏறிவிடும், மீட்பதற்கு வழி இல்லை. மூன்று இருந்தால் பிழை மட்டுமே.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தின் பழைய மேக் வட்டிலிருந்து கோப்புகளை லினக்ஸ் கணினிக்குக் கொண்டுவந்தோம். எல்லாம் தமிழ்ப் பெயர்கள். ‘*பொங்கல்*’ என்று கேட்டால் பாதிதான் வருகிறது. மீதியும் கண்ணெதிரே அதே பெயரோடு நிற்கின்றன. ‘ஸ்ரீ’ உள்ளவற்றிலும் இதே தொல்லை. சில கோப்புகள் நகரவே மறுக்கின்றன, பெயர் மிக நீளமாம்.
*வாசகர், சிராங்கூன் சாலை*

பதில்: ‘பொ’ என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ப-வும் ஒற்றைக் குறியாக ‘ொ’வும் ஒரு விதம். ப, கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரிப்பது இன்னொரு விதம். கண்ணுக்கு ஒன்றுதான். பைட் கணக்கில் முதலாவது ஆறு, இரண்டாவது ஒன்பது. ஷெல் பைட்டைப் பார்க்கிறது, உங்கள் கண்ணைப் பார்ப்பதில்லை. மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், எல்லாப் பெயரையும் பிரித்துத்தான் சேமிக்கும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். உங்கள் வட்டு பழையது, விசைப்பலகை ஒற்றைக் குறியைத் தட்டுகிறது. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இந்த நோய் உண்டு. கா, கி, கு, கெ வரிசைக்கு இல்லை.

அவசரத்துக்கு ஒரு வழி. சந்தேக எழுத்தின் இடத்தில் நட்சத்திரம் போடுங்கள்: *ப*ங்கல்*. இரண்டு விதமும் அகப்படும். நிரந்தர மருந்து கன்வ்எம்வி என்ற சிறு நிரல், சி, ஓ, என், வி, எம், வி:

கன்வ்எம்வி -ஆர் -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி .

இது என்ன செய்யப்போகிறது என்று காட்டுமே தவிர எதையும் தொடாது. சரி என்று பட்டால் --நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். இங்கும் -டி, ‘டைப்’பின் டி.

‘ஸ்ரீ’ வேறு கதை. சிலர் கணினியில் அது ஸகரத்தில் தொடங்குகிறது, சிலர் கணினியில் 2005இல் யுனிகோடு 4.1இல் சேர்ந்த ஶகரத்தில். தோற்றம் ஒன்றானாலும் இவை உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துகள், ஆகவே கன்வ்எம்வியால் ஒன்றாக்க முடியாது. இரண்டிலும் பொதுவாக உள்ளது ‘ரீ’. *ரீ* என்று தேடுங்கள். ‘மாரீ’ போன்ற வேறு பெயர்களும் உள்ளே வரும், நகர்த்தும் முன் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் பார்த்துவிடுங்கள்.

நீளப் பிரச்சினைக்கு வருவோம். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று, அதாவது 85 குறி. ‘கல்யாணம்’ கண்ணுக்கு ஐந்தெழுத்து. குறிக் கணக்கில் எட்டு, பைட்டில் 24. ‘பொ’வைப் பிரித்து எழுதும் வட்டிலிருந்து வந்தால் இன்னும் கூடும். நிகழ்ச்சியின் முழுத் தலைப்பு, இடம், தேதி என்று பெயரிலேயே அழைப்பிதழ் அடித்திருப்பீர்கள். பெயரைச் சுருக்குவது தவிர வழி இல்லை.

இதே காரணத்தால், பத்தாயிரக்கணக்கில் தமிழ்ப் பெயர்கள் ஒரே கோப்புறையில் இருந்தால் நட்சத்திரம் ‘பட்டியல் மிக நீளம்’ என்று மறுக்கும். ஒரு கட்டளைக்குக் கொடுக்கும் பட்டியலின் உச்சம் லினக்ஸில் வழக்கமாக 2,097,152 பைட். அங்கே ஃபைண்டும் ‘+’உம்தான் கை கொடுக்கும்.

கேள்வி: அலுவலகத்தில் விண்டோஸ். பழைய டாக் கோப்புகளை மட்டும் ‘மூவ் *.டாக்’ என்று டி இயக்ககத்துக்கு மாற்றினேன். டாக்எக்ஸ் கோப்புகளும் சேர்ந்து போய்விட்டன.
*வாசகி, உட்லண்ட்ஸ்*

பதில்: அங்கே ஷெல் நட்சத்திரத்தை விரிப்பதில்லை, மூவ் கட்டளையே விண்டோஸிடம் கேட்டு விரிக்கிறது. விண்டோஸ் ஒவ்வொரு நீளப் பெயருக்கும் பழைய காலத்து எட்டும் மூன்றுமான குறும்பெயர் ஒன்றை மறைவாக வைத்திருக்கலாம். குறும்பெயரில் பின்னொட்டு மூன்றே எழுத்து, ஆகவே டாக்எக்ஸும் டாக்தான். ‘டிர் /எக்ஸ்’ தட்டினால் அந்தக் குறும்பெயர்கள் தெரியும். எக்ஸ்எல்எஸ், எச்டிஎம் கோப்புகளுக்கும் இதே கதி. பவர்ஷெல்லில் செய்யுங்கள்:

கெட்-சைல்ட்ஐட்டம் -ஃபைல் | வேர்-ஆப்ஜெக்ட் எக்ஸ்டென்ஷன் -இக்யூ '.டாக்' | மூவ்-ஐட்டம் -டெஸ்டினேஷன் 'டி:\பழையது' -வாட்இஃப்

-வாட்இஃப் உள்ளவரை ஒத்திகை. ‘பழையது’ கோப்புறை முன்பே இருக்கவேண்டும்.

கேள்வி: மேக்கிலிருந்து எக்ஸ்ஃபாட் வட்டுக்கு வீடியோக்களை எம்வியால் மாற்றும்போது கேபிள் கழன்றுவிட்டது. மறுபடி -என் போட்டு ஓட்டினேன், முடிந்தது. ஒரு வீடியோ பாதியில் நிற்கிறது. வட்டை வேறு கணினியில் ஃபைண்டால் எண்ணினால் இரண்டு மடங்கு காட்டுகிறது.
*வாசகர், செங்காங்*

பதில்: ஒரே வட்டுக்குள் எம்வி என்றால் பெயர்ப் பதிவு மட்டும் மாறும், 40 ஜிபியும் கண்ணிமைப்பில் முடியும். வேறு வட்டு என்றால் நகல் எடுத்து மூலத்தை நீக்குவது. கழன்ற நேரத்தில் பாதி வீடியோ அங்கே நின்றுவிட்டது. -என் அந்தப் பாதியைப் பார்த்து ‘இருக்கிறதே’ என்று தாண்டிப் போயிற்று. மூலம் மேக்கிலேயே முழுதாக இருக்கும். வட்டிலுள்ள பாதியை நீக்கிவிட்டு அதை மட்டும் மறுபடி அனுப்புங்கள். வட்டுக்கு வட்டு மாற்றும்போது ஆர்சிங்க்தான் ஏற்றது. அது மறைபெயரில் எழுதி, முழுதும் வந்தபின்தான் உண்மைப் பெயரைச் சூட்டும். மறுபடி ஓட்டினால் அளவையும் நேரத்தையும் ஒப்பிட்டு விடுபட்டதை மட்டும் அனுப்பும்.

இரண்டு மடங்குக்குக் காரணம், எக்ஸ்ஃபாட் வட்டில் மேக் எழுதும் புள்ளி-அடிக்கோட்டுக் கோப்புகள். அவை மேக்கின் கூடுதல் விவரங்கள், பொதுவாக நான்கு கேபி அளவில் இருக்கும், திறக்காது. புள்ளியில் தொடங்குவதால் நட்சத்திரத்துக்குத் தெரியாது, ஃபைண்டுக்குத் தெரியும். ஃபைண்ட் வரியில் ! -நேம் '._*' சேர்த்தால் கணக்கு சரியாகும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய கட்டளையை அப்படியே ஒட்டினால் பிழை வருகிறது. அவர் கணினியில் ஓடுகிறதாம்.
*வாசகர், புக்கிட் பாத்தோக்*

பதில்: கைப்பேசி இரண்டு சிறு கோடுகளை ஒரு நீளக் கோடாக ஒட்டியிருக்கும், நேர் மேற்கோளை வளைத்திருக்கும். ஷெல்லுக்கு வளைந்த மேற்கோள் சாதாரண எழுத்து. கோடுகளையும் மேற்கோள்களையும் அழித்துவிட்டுக் கணினி விசைப்பலகையில் தட்டுங்கள்.